ஆறாம் தொட்டிப் பெட்டி

22 ஏப்ரல் 2024, திங்கள்

பசியாறிவிட்டுத் தேயிலை ஃபேக்டரி ஸ்டோருக்குப் போனேன். ஈப்போவிலிருந்து பெட்டிகள் வந்து இறங்கியிருக்கின்றன. பதினொன்று. உள்ளங்கை அளவு சாம்பல் நிறப் பெட்டி, தலையில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு ஏரியல். இதை ஒவ்வொரு மெஷினிலும் பதித்துவிட்டால் மோட்டார் ஓடுகிறதா நிற்கிறதா என்று கம்பியே இல்லாமல் ஆபீஸ் திரைக்குச் செய்தி போய்விடும். ரோலர் நாலுக்கு நாலு பெட்டி, டிரையருக்கு ஒன்று, மேல்மாடித் தொட்டி ஆறுக்கு ஆறு.

மேனேஜர் ஹரிதாஸ் துரை கேட்டார்: "நல்லுசாமி, இதப்பத்தி உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"ஈப்போவுல ஆறு மாசம் கோர்ஸ் எடுத்திருக்கேன் சார்" என்றேன்.

ஆறு மாதம் தங்கச்சி வீட்டில் இருந்தேன். வீட்டுக்குக் கீழே ரேடியோ ரிப்பேர்க் கடை. தினமும் உட்கார்ந்து பார்த்தேன். அதற்குப் பேர் கோர்ஸ் இல்லாமல் வேறென்ன? பெரிய பெரிய என்ஜினியர் எல்லாம் அப்படித்தான் படித்தார்கள்.

துரை என்னையே உதவிக்குப் போட்டுவிட்டார். இருபத்தாறு வருஷத்தில் இந்த ஃபேக்டரியில் நான் தொடாத மோட்டார் இல்லை. டிரையர் செத்துக் கிடந்த வருஷம் ஒரு ஹேர்பின்னை வைத்து ஓடவிட்டவன் நான். ஹேர்பின் என் பெண்டாட்டி மலருடையது.

29 ஏப்ரல், திங்கள்

ஈப்போவிலிருந்து லிங்கேஸ்வரன் வந்தான். முப்பது வயசு இருக்கும், தோளில் கம்ப்யூட்டர் பை, காலில் வெள்ளை சப்பாத்து. என்னை அங்கிள் என்கிறான்.

முதல் பெட்டியை டிரையரின் இரும்பு அலமாரிக்குள் வைத்தான். திரையில் ஒன்றும் வரவில்லை. "இரும்புக்குள்ள வச்சா சாமி கும்பிட்டாலும் வராது தம்பி, ஏரியல வெளிய இழு" என்றேன். ஓட்டை போட்டு வெளியே இழுத்தோம். வந்தது. அவன் அப்படியே அசந்துபோய் என் கையைப் பிடித்து, அங்கிள் நீங்க எங்க கம்பெனிக்கு வந்துருங்க என்றான்.

கையைப் பிடிக்கவில்லை. தலையை ஆட்டினான்.

30 ஏப்ரல், செவ்வாய்

இன்றைக்கு மேல்மாடி. கொழுந்தை வாடப் போடுகிற இடம். நீள நீளமாக ஆறு தொட்டி, ஒவ்வொன்றின் கோடியிலும் ஆளுயரக் காத்தாடி. அடியிலிருந்து காற்று அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். காத்தாடி நின்றால் கொழுந்து புழுங்கிச் சிவந்துவிடும். ஆபீஸுக்குத் தூரத்தில் இருக்கிற அஞ்சாம், ஆறாம் தொட்டி சின்னையாவுடையது. சின்னையா மலருக்குத் தம்பி, எனக்கு மச்சான். முப்பத்தொரு வருஷமாக அதே இரண்டு தொட்டி. எஸ்டேட் கொடுத்த லய வரிசையில் எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறான்.

லிங்கேஸ்வரன் மேலே பார்த்தான், கீழே பார்த்தான். ஏரியலைப் பைப்பில் கட்டி உத்தரத்துக்குத் தூக்க வேண்டும் என்றான். அதற்குச் சாரம் கட்டணும், இரண்டு நாள் ஆகும்.

துரை பக்கத்தில் நின்றார். நான் சொன்னேன்: "எதுக்கு சார் சாரம்? தொட்டி ஓரத்துலயே வைக்கலாம். இங்கேருந்து ஆபீஸ் ஜன்னல் நேர்க்கோடு."

துரைக்குப் பிடித்துவிட்டது.

அப்போது சின்னையா ஆறாம் தொட்டியிலிருந்து கத்தினான்: "தம்பி, அவர் பேச்சக் கேட்டு வைக்காதீங்க. எங்க மச்சான் வயர்மேன் இல்ல, வயர்மேனுக்கு ஏணி புடிச்சவரு."

எல்லாரும் சிரித்தார்கள். துரையும் சிரித்தார். ஐம்பது பேர் இருக்கும். சரி, ஒன்பது பேர்.

என் கல்யாணத்தில் எனக்கு மாலை போட்ட கை அது. ஏணி பிடித்தேன், உண்மைதான், நாலு வருஷம். அதை இங்கே வைத்துச் சொல்லணுமா? நானும் சிரித்தேன். பெட்டியைத் தொட்டி ஓரத்திலேயே வைத்தோம்.

1 மே, புதன்

தொழிலாளர் தினம். லீவு. தொட்டி ஆறும் காலி. காத்தாடிகளை ஓடவிட்டுச் சோதித்தோம். பதினொன்றும் பச்சை. திரையில் பச்சை என்றால் ஓடுகிறது, சிவப்பு என்றால் நின்றுவிட்டது. பத்து நிமிஷம் பெட்டியிடமிருந்து செய்தி வரவில்லை என்றாலும் சிவப்புதான்.

லிங்கேஸ்வரன் ஈப்போ திரும்ப அவசரப்பட்டான். போகும்போது ஒரு பேப்பர் கொடுத்தான். "அங்கிள், இன்னிக்கு தொட்டி காலியா இருக்கு. ஈரக் கொழுந்து தண்ணி மாதிரி, சிக்னல குடிச்சிரும். மழ நாள்ல தொட்டி நெறைய இருக்கும்போது ஒருவாட்டி பாருங்க. அப்புறமா கையெழுத்துப் போட்டு தொரைகிட்ட குடுங்க. செவப்பு வந்தா எனக்கு போன் பண்ணுங்க லா, நான் வந்து ஏரியல தூக்கிடறேன்."

பேப்பரில் அஞ்சு கட்டம். நாலாவதுதான் ஈரக் கொழுந்து. அது மட்டும் காலியாக இருந்தால் பல் விழுந்த மாதிரி இருந்தது. நாளைக்குப் பார்க்கப் போகிறோம்தானே. அஞ்சிலும் டிக் போட்டேன், கையெழுத்துப் போட்டேன், தேதி போட்டேன். சாயங்காலமே துரை பங்களாவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். "மூணே நாள்ல முடிச்சிட்டியா" என்றார்.

2 மே

ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணிப் பொண்ணு எனக்குச் சட்டையில் குத்திக்கொள்ள அட்டை அடித்துக் கொடுத்தது. வயர்லெஸ் இன்சார்ஜ். மலர் அதைப் பார்த்து, பொட்டலம் கட்டுற அட்டையா என்றாள்.

9 மே, வியாழன்

மத்தியானம் பிடித்த மழை. கொழுந்து லோரி மூன்றரைக்கு வந்தது. நாலு மணிக்குக் கிராணிப் பொண்ணு கூப்பிட்டது: "அங்கிள், அஞ்சும் ஆறும் செவப்பு."

மாடிக்கு ஓடினேன். இரண்டு காத்தாடியும் அடித்துக்கொண்டு ஓடுகின்றன. சின்னையா ஒரு கையில் கோப்பை, ஒரு கையில் கொழுந்தைக் கிளறுகிற குச்சியோடு நிற்கிறான். நாலு மணித் தேநீர், எப்போதும் தொட்டிப் பக்கத்தில் நின்றே குடிப்பான்.

"என்ன மச்சான், மூச்சு வாங்குது? ஏணியில ஏறி வந்தியா?"

கீழே வந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அஞ்சு மணி பத்து நிமிஷத்துக்குக் கொழுந்தில் தண்ணீர் கொஞ்சம் வற்றியதும் தானாகப் பச்சை ஆகிவிட்டது.

லிங்கேஸ்வரன் சொன்னது இதுதான். போன் பண்ணணும். பண்ணினால் வருவான். வந்தால் பேப்பரைக் கேட்பான்.

"மழ நாள்ல அப்படித்தான்மா, பெட்டிக்கு குளிரும்" என்று அந்தப் பொண்ணிடம் சொல்லி வைத்தேன். சிரித்தது.

14 மே, செவ்வாய்

காலையில் அஞ்சாம், ஆறாம் தொட்டியைப் பார்த்தால் கொழுந்து முழுக்கச் சிவந்து கிடக்கிறது. வெந்த கீரை வாசம். நேற்றைய கொழுந்து. நேற்று மழையில் பாதையில் மண் சரிந்து, ஒன்றரைக்கு வர வேண்டிய லோரி இரண்டு மணி நேரம் நின்று மூன்றரைக்குத்தான் வந்தது. கொழுந்து லோரியிலேயே அமுங்கிப் புழுங்கியிருக்கும். எனக்கே தெரிகிறது.

துரை கிராணிப் பொண்ணைத் திரையைப் பின்னால் ஓட்டச் சொன்னார். 13 மே. அஞ்சும் ஆறும். சாயங்காலம் நாலு மணி அஞ்சு நிமிஷம் முதல் அஞ்சு மணி இருபது நிமிஷம் வரை சிவப்பு.

"நாலு மணி" என்றார் துரை. "டீ நேரம். காத்தாடி சுவிட்ச அடச்சிட்டு டீ குடிக்கப் போயிட்டான்." பிறகு என்னிடம் திரும்பினார். "நல்லுசாமி, பெட்டி தப்பா காட்டுமா?"

வேலை மேற்பார்க்கிற மண்டோர் நின்றார், டிரையர்காரன் நின்றான். அன்றைக்குச் சிரித்த அதே ஆள்கள்.

"நான் வச்ச பெட்டி சார். பொய் சொல்லாது."

சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன். யோசித்துவிட்டு என்ன, திரும்பி வாயில் போட்டுக்கொள்ள முடியுமா.

16 மே, வியாழன்

சின்னையாவுக்குக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். 21-ஆம் தேதி விசாரணை. குற்றம் நிரூபணமானால் வேலை போகும். வேலை போனால் பதினாலு நாளில் வீட்டைக் காலி பண்ணணும்.

சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தான். கேலி ஒன்றும் இல்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தான், கவர்மெண்டு ஆபீசில் உட்கார்கிற மாதிரி.

"மச்சான், காத்தாடி ஓடுச்சு. நான் அங்கதான் நின்னேன். முப்பத்தொரு வருசத்துல ஒரு நாள் அடச்சதில்ல. பெட்டியில ஏதோ கோளாறு. நீ ஒரு வார்த்த சொன்னா துரை கேப்பாரு."

"பாக்கறேன்" என்றேன்.

"பாக்கறது என்ன, சொல்லுவாரு" என்றாள் மலர். "நீ சாப்புடு தம்பி. அவருக்குத் தெரியாததா."

சாப்பிட்டான். போகும்போது வாசலில் நின்று, "அன்னிக்கு ஏணின்னு சொன்னது சும்மா வெளையாட்டுக்கு, மனசுல வச்சுக்காத" என்றான்.

நான் மனசில் வைத்துக்கொள்கிற ஆளே கிடையாது.

20 மே

பேப்பரைத் திருப்பிக் கேட்கலாமா என்று ஆபீஸ் வரைக்கும் போனேன். துரை போனில் இருந்தார். வந்துவிட்டேன்.

21 மே, செவ்வாய்

விசாரணை. நீள மேசை. துரை, அவருக்குப் பக்கத்தில் ஹெட் ஆபீஸ் ஆள் ஒருவர், இந்தப் பக்கம் சின்னையா, யூனியன்காரர். என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். அட்டையைக் குத்திக்கொண்டுதான் போனேன்.

யூனியன்காரர் கெட்டிக்காரர். நேராக அங்கேயே வந்துவிட்டார். "கொழுந்து ஈரமா இருக்கும்போது இந்தப் பெட்டி சரியா வேல செய்யுமா? சோதிச்சீங்களா?"

ஹெட் ஆபீஸ் ஆள் கோப்பைத் திறந்து என் பேப்பரை எடுத்து மேசையில் வைத்தார். நாலாவது கட்டம். என் டிக். நல்லா நிமிர்ந்து, வால் நீட்டி, அழகாகப் போட்டிருக்கிறேன்.

"இது உங்க கையெழுத்தா?"

ஆமா.

"ஈரக் கொழுந்தோட டெஸ்ட் பண்ணீங்களா?"

சின்னையா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பயமே இல்லை அவன் முகத்தில். அதுதான் — பயந்திருந்தால்கூட எனக்கு வேறு மாதிரி இருந்திருக்கும். மச்சான் இருக்கிறான் என்று தெம்பாக உட்கார்ந்திருக்கிறான்.

பண்ணேன்னு சொல்லிட்டேன்.

என்ன பண்ணச் சொல்ற? இல்லன்னு சொன்னா அப்பவே அட்டைய கழட்டி வச்சிட்டு அவனுக்குப் பக்கத்துல நானும் உக்காரணும். பொய்க் கையெழுத்து. ரெண்டு வீடும் காலி. ஒரு வீடாச்சும் நிக்கட்டும்னுதான்... அப்படி நெனச்சுத்தான் சொன்னேனா? தெரியல. சொல்லும்போது ஒன்னுமே நெனைக்கல. ஆறு மாச கோர்ஸ்ன்னு சொன்னேனே, அது மாதிரி வாயில வந்துச்சு.

சின்னையா தலையைக் குனிந்துகொண்டான். அதற்கு மேல் அவன் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லவில்லை.

வெளியே வரும்போது துரை என் தோளைத் தட்டினார். "சொந்தக்காரன்னு பாக்காம பேசின. உன்ன மாதிரி ஆள்தான் வேணும்."

22 மே

விசாக லீவு. மலர் சோறு வைத்தாள். பேசவில்லை.

8 ஜூன், சனி

வேலை போய், சின்னையா வீட்டைக் காலி பண்ணினான். கம்போங் ராஜாவில் ஒரு சீன முதலாளித் தவுக்கேயின் காய்கறித் தோட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது. மருந்தடிக்கிற வேலை. தங்க இடம், பிளாஸ்டிக் கூரைக் கொட்டகை.

முட்டைக்கோஸ் ஏற்றுகிற லோரிதான் வந்தது. அவன் பெண்டாட்டி தங்கம்மா பூச்சட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தாள். டிரைவர் சட்டிக்கு இடமில்லை என்றான். வாசலிலேயே வரிசையாக வைத்துவிட்டாள், ஏதோ திரும்பி வரப் போகிற மாதிரி. நான் கட்டில் ஒரு தலை பிடித்தேன். எனக்கு இடுப்பு வலி, இருந்தாலும் பிடித்தேன்.

ரோலர்காரப் பயல் ஒருத்தன் மதில்மேல் உட்கார்ந்து சொன்னான்: "சின்னையாண்ணே, அங்க போயும் பம்ப அடச்சிட்டு டீ குடிக்கப் போயிராதீங்க." இன்னொருத்தன் சிரித்தான். சின்னையாவும் லேசாகச் சிரித்தான், கடனுக்குச் சிரிப்பது மாதிரி.

லோரி வளைவு திரும்பும்வரை மலர் நின்றாள். பிறகு என்னைத் தாண்டி உள்ளே போனாள்.

19 ஜூன், புதன்

தொட்டி அஞ்சு, ஆறு இப்போது ஒரு பங்களாதேஷ் பையன் பார்க்கிறான். இரண்டு நாள் மழை. இரண்டு நாளும் நாலு மணிக்குச் சிவப்பு. அந்தப் பையன் டீயே குடிப்பதில்லை. கிராணிப் பொண்ணு என்னிடம் சொல்லாமல் லிங்கேஸ்வரனுக்கே போன் பண்ணிவிட்டது.

இன்றைக்கு வந்தான். ஈரக் கொழுந்துக்கு இந்தப் பக்கம் நின்று ஒருமுறை, அந்தப் பக்கம் நின்று ஒருமுறை ஏதோ கருவியை வைத்துப் பார்த்தான். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"அங்கிள், ஈரத்துல டெஸ்ட் பண்ணீங்களா?"

"பண்ணேன்."

"எப்ப?"

"பேப்பர்ல போட்டிருக்கே. ஒன்னாந்தேதி."

"ஒன்னாந்தேதி லீவு அங்கிள். நான் உங்ககூடத்தான் இருந்தேன். கொழுந்து எங்கேருந்து வந்துச்சு?"

காத்தாடிச் சத்தத்தில் கேட்காத மாதிரி நின்றேன். அவன் திருப்பிக் கேட்கவில்லை. கருவியைப் பையில் போட்டுவிட்டு, "இத வச்சு யாரையாச்சும் ஏதாச்சும் பண்ணாங்களா?" என்றான். சொன்னேன். யாரென்றும் சொன்னேன். அவன் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டான்.

20 ஜூன், வியாழன்

லிங்கேஸ்வரன் என்னைக் கூட்டிக்கொண்டே துரையிடம் போனான். எல்லாம் சொன்னான். எனக்கு உள்ளுக்குள் — பொய் எழுத மாட்டேன் — ஒரு இலேசு. போகட்டும், அட்டை போகட்டும், அவன் வந்துவிடுவான் என்று.

துரை முழுவதும் கேட்டார். பேனா மூடியைக் கழற்றி மாட்டினார், கழற்றி மாட்டினார்.

"வீட்ட வேற ஆளுக்குக் குடுத்தாச்சு. அவனும் யூனியனும் மேல அப்பீல் பண்ணல. இப்ப போய் பெட்டி தப்புன்னு எழுதினா, ஹெட் ஆபீஸ் பதினொரு பெட்டியையும் கழட்டி உங்க கம்பெனிக்கே திருப்பி அனுப்பும். அடுத்த மூணு ஃபேக்டரிக்கும் உங்க பெட்டிதான், தெரியுமில்ல?" லிங்கேஸ்வரன் கம்ப்யூட்டர் பையை மடிமேல் இழுத்துக்கொண்டான். "ஏரியல மேல தூக்கி வை. ரிப்போர்ட்ல மெயின்டனன்ஸ்னு போடு. அவ்வளவுதான்."

என்னிடம்: "நல்லுசாமி, நீ ஏற்கனவே சொன்னத சொன்னபடி வச்சுக்க. உனக்கும் அதுதான் நல்லது."

சாரம் கட்டி ஏரியலை உத்தரத்துக்குத் தூக்கினோம். ஏணியை நான்தான் பிடித்தேன். தொட்டி நிறைய ஈரக் கொழுந்து. ஆறும் பச்சை. இரண்டு மணி நேர வேலை.

கீழே இறங்கி லிங்கேஸ்வரன் சொன்னான்: "எனக்கும் ரெண்டு பிள்ளைங்க அங்கிள்." நான் கேட்கவே இல்லை.

14 ஜூலை, ஞாயிறு

கம்போங் ராஜா போனேன். மலரிடம் பிரிஞ்சாங் சந்தைக்கு என்று சொன்னேன். சின்னையாவிடம் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். பஸ்ஸில் முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மெலிந்துவிட்டான். கையெல்லாம் மருந்து பட்டு வெடித்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் தங்கம்மா உள்ளே போய்விட்டாள். அவன்தான் ஒரு தகர டின்னைத் துடைத்து உட்காரச் சொன்னான்.

"மச்சான், உன்மேல எனக்குக் கோவம் இல்ல. மொதல்ல இருந்துச்சு. அப்புறம் படுத்துக்கிட்டு யோசிச்சேன். நீ எல்லாத்துலயும் புளுகுவ, ஊருக்கே தெரியும். ஆனா மெஷின் விசயத்துல புளுகி நான் பாத்ததில்ல. அதுவும் எனக்கு எதிரா, அத்தன பேரு முன்னாடி, எங்க அக்கா மொகத்த நெனைக்காமயா சொல்லுவ? அப்ப நான்தான் அடச்சிருக்கணும்."

"சின்னையா—"

"இரு. கோப்பையோட அங்க நின்னது ஞாபகம் இருக்கு. காத்தாடி ஓடுனது இப்ப ஞாபகம் இல்ல மச்சான். எவ்வளவு யோசிச்சாலும் சத்தம் கேக்க மாட்டேங்குது. எங்க அப்பாவுக்கும் கடைசியில இப்படித்தான் ஆச்சு. போன வாரம் மருந்து பம்ப தெறந்தேனா மூடுனேனான்னு மூணுவாட்டி போய்ப் பாத்தேன். தவுக்கே திட்டுறான்."

சொல்ல வந்ததைச் சொல்லியிருக்கணும். வாய் திறந்தேன். வந்தது என்ன தெரியுமா? "வயசானா எல்லாருக்கும் வரும்" என்றேன்.

ஒரு பை நிறையத் தக்காளி கொடுத்தான்.

15 ஜூலை

சொல்லவில்லை. நாளைக்கும் சொல்ல மாட்டேன். இந்த நோட்டில் மட்டும் எழுதி வைக்கிறேன்: காத்தாடி ஓடியது.

28 ஜூலை, ஞாயிறு

மலர் தம்பியைப் பார்த்துவிட்டு வந்தாள். ரொம்ப நேரம் அடுப்படியிலேயே இருந்தாள். பிறகு கோழிக் குழம்பு வைத்துக் கொண்டுவந்தாள், இரண்டு மாதத்துக்குப் பிறகு.

"நான்தான் உங்கள தப்பா நெனச்சிட்டேன். அவனுக்கு நெசமாவே மறதி. தங்கம்மா சொல்லி அழுவுறா. நீங்க உள்ளத சொன்னீங்க, நான் மூஞ்சிய காட்டுனேன்."

தொடைக் கறியை எடுத்து என் தட்டில் போட்டாள். நல்ல குழம்பு. இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

6 ஆகஸ்ட், செவ்வாய்

சின்னையாவைத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். மலர், தங்கம்மா, நான். நீங்களும் வாங்க, உங்களுக்குத்தான் மலாய் நல்லா வரும் என்று மலர் இழுத்துப் போனாள். வரும். இந்த மலையிலேயே என்னைப்போல மலாய் பேச ஆளில்லை.

டாக்டர் சின்னப் பொண்ணு, பொறுமையானது. இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டது. சின்னையா சரியாகத்தான் சொன்னான், சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். மூன்று பொருள் பேர் சொல்லி, கொஞ்சம் கழித்துத் திருப்பிக் கேட்டது. மூன்றையும் சொன்னான். ஒவ்வொன்றுக்கும் என் முகத்தைப் பார்த்தான், சரியா என்பது மாதிரி.

"இந்த மறதி எப்போதிலிருந்து?" என்று வீட்டாரிடம் கேட்டது.

தங்கம்மாவுக்குத் தெரியவில்லை. மலர் என்னைக் காட்டினாள். "இவர கேளுங்க. இவருக்குத்தான் தேதி சரியா தெரியும்."

அறை சின்ன அறை. நாலு பேரும் என்னையே பார்த்தார்கள்.

மே பதிமூன்று என்றேன். சாயங்காலம் நாலு மணி அஞ்சு நிமிஷம்.

சின்னையா தங்கம்மா பக்கம் திரும்பி, "மச்சானுக்கு நிமிசம்கூட தப்பாது" என்றான். டாக்டர் பொண்ணு எழுதிக்கொண்டது.